இரண்டு காதிலும் தூங்க முடியாதவர்கள்

சாயங்காலம் ஏழரை மணிவாக்கில் புதுச்சேரியில் டெம்போவில் ஏறினால் சில பெண்களைப் பார்க்கலாம். நாற்பதைத் தாண்டியவர்கள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் சாப்பாட்டு டப்பா, ஒரு போர்வை, மாற்றுப் புடவை, செல்போன் சார்ஜர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் இவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். மறுநாள் காலை ஏழரைக்கு அதே பெண்கள் எதிர்த்திசை வண்டியில் கம்பியைப் பிடித்தபடி கண் சொருகி நின்றிருப்பார்கள்.

எங்கள் ஊரில் இவர்களுக்கு வேலை குறையாது. பிள்ளைகள் பாரீசிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பெற்றோர் பழைய வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரால் தூக்கி உட்கார வைக்க முடியாது. ஏஜென்சிக்குப் போன் செய்தால் "ஹோம் நர்ஸ்" வருவார். பெயர்தான் நர்ஸ். பெரும்பாலோர் நர்சிங் படித்தவர்கள் அல்ல. சொந்த வீட்டில் ஒரு மாமியாரையோ அம்மாவையோ பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றவர்கள். பலருக்கு அந்த மாமியாரும் அம்மாவும் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். கூலிக்கு ஒரு நோயாளி, கூலியில்லாமல் இன்னொரு நோயாளி. நடுவில் இந்தப் பெண் எப்போது தூங்குகிறாள்?

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு பதினொரு மாதம் எங்கள் வீட்டுக்கு ஒருவர் இரவுப் பணிக்கு வந்தார். பாகூர்ப் பக்கத்துக் கிராமம். வயது நாற்பத்தெட்டு. இரவு எட்டு முதல் காலை ஏழு வரை பணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். டயபர் மாற்ற வேண்டும். இருமினால் தலையை உயர்த்த வேண்டும். காலை ஆறரைக்கு இன்சுலின், ஆஸ்பத்திரியில் நர்ஸ் கற்றுக்கொடுத்தபடி. இதில் எதுவும் கடினமான வேலை இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கலாம். வேலையின் எடையைவிட அதன் இடைவெளிதான் ஆளைக் கொல்லும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டியவரின் தூக்கம் ஆழத்துக்குப் போவதற்குள் கலைந்துவிடும்.

அவர் வீட்டில் கணவரின் தாயார். எண்பதைத் தாண்டியவர், மறதி நோய். பெற்ற மகனையே "நீ யாருப்பா?" என்று கேட்பார். ஆனால் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க மறக்கவில்லை. பகலில் கண் அசந்தால் தெருவில் இறங்கி, பிறந்த ஊருக்குப் போகிறேன் என்று நடக்க ஆரம்பித்துவிடுவார். கணவர் ஒரு கம்பெனியில் பகல் வேலை. மகள் வேலைக்குப் போவதால் மூன்று வயதுப் பேரனும் பகலில் இவர் பொறுப்பு.

முப்பத்தாறு வருடம் அரசாங்க எழுத்தராக இருந்தவனுக்கு எதையும் பதிவேட்டில் எழுதிப் பார்த்தால்தான் விளங்கும். ஒருநாள் இரவு என் மனைவி தூங்கிய பிறகு அவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நாளை எழுதினேன். காலை ஏழு மணி எங்கள் வீட்டிலிருந்து புறப்பாடு. எட்டு மணி வீடு. சமையல், கணவருக்குச் சாப்பாடு கட்டுதல். ஒன்பதரை, மாமியாரைக் குளிப்பாட்டுதல், அவர் துணி துவைத்தல். பதினொன்று முதல் ஒன்று வரை, கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்கை. கதவைத் திறக்க வந்தால் இவர்மேல் கால் படும், எழுந்துவிடலாம் என்பதற்காக அந்த இடம். ஒரு மணிக்கு மாமியாருக்கும் பேரனுக்கும் சோறு. பாத்திரம், ரேஷன் கடை, தண்ணீர். மூன்றரை முதல் ஐந்து வரை மறுபடி படுக்கை. பிறகு ராத்திரிச் சமையல். ஆறே முக்காலுக்குப் பேருந்து. மொத்தம் மூன்றரை மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. எங்கள் வீட்டில் நாற்காலியில் தலை சாய்வதை அவரே தூக்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

"தூக்கம் வராமப் போவுதாம்மா?" என்று கேட்டேன்.

"தூக்கம் எப்பவும் இருக்குது ஐயா. படுக்கத்தான் நேரம் இல்ல."

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார். "படுத்தாலும் காதுல யாரோ கூப்புடுற மாதிரியே இருக்குது. அங்க படுத்தா அம்மா கூப்புடுறாங்க. இங்க உக்காந்தா எங்க அத்த கூப்புடுது."

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த மொழியில் நிம்மதியாகத் தூங்குவதை "டோர்மீர் சுர் சே தெ ஸோரேய்" என்பார்கள். தன் இரண்டு காதின்மேலும் தூங்குவது என்று பொருள். ஒரே நேரத்தில் இரண்டு காதையும் தலையணையில் வைக்க முடியாதே என்று வகுப்பில் சிரித்திருக்கிறோம். பிள்ளை பெற்றவர்கள், நோயாளியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு காதை மேலே வைத்துத்தான் தூங்குகிறார்கள். ஆனால் ஒரு வீட்டுக்காக விழித்திருக்கும் காது மறு வீட்டிலாவது ஓய வேண்டும். இந்தப் பெண்களுக்கு அது ஓய்வதில்லை.

நம் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு முழுவதும் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். இரண்டு வேலையையும் செய்யும் ஒரு பெண்ணுக்குத் தோராயமாகக் கூட்டினால் 7 மணி 13 நிமிடம். அதோடு எங்கள் வீட்டுப் பதினொரு மணி நேரத்தைச் சேருங்கள். போக வர இரண்டு மணி நேரத்தையும் சேருங்கள். இருபத்து நாலில் மிச்சம் 3 மணி 47 நிமிடம். குளிப்பது, சாப்பிடுவது, தலை வாருவது எல்லாம் அதற்குள்தான். நான் அவரிடம் கேட்டு எழுதிய மூன்றரை மணிக்கும் இந்தக் கணக்குக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

சிலர் சொல்வார்கள், பழகிவிட்டால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று. உடம்பு அப்படி ஏற்றுக்கொள்வதில்லை. நாம் எப்போது தூங்குவோம் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். தூங்கினால்தான் அது இறங்கும். இன்னொன்று, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அது வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும் கடிகாரம். இரவுப் பணி முடித்துக் காலை வெயிலில் பேருந்தில் வருகிறவருக்கு அது "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று சொல்கிறது. அதனால்தான் இரவுப் பணிக்காரர்களின் பகல் தூக்கம் சாதாரணமாகவே குறைவாகவும் மேலோட்டமாகவும் இருக்கிறது. வீட்டில் யாரும் கூப்பிடாமல் இருந்தாலே அப்படி. மறதி நோயாளியும் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தால் கேட்க வேண்டியதில்லை.

வயதும் சேர்ந்துகொள்கிறது. இப்படி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டி வருவது பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதில்தான். பெற்றோர் முதுமையடைவதும் பேரப்பிள்ளை பிறப்பதும் அப்போதுதான். மாதவிடாய் நிற்பதும் அப்போதுதான். திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வரும். எங்கள் வீட்டில் மார்கழிக் குளிரில்கூட அவர் விசிறியை மடியில் வைத்திருந்தார்.

1997இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களைத் தொடர்ந்து விழித்திருக்க வைத்து, கை, கண், மூளை வேலை செய்யும் வேகத்தை அளந்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு மது கொடுத்து அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்தால் 0.10 சதவீதம். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது, அதாவது 0.03 சதவீதம். வண்டி ஓட்டத் தகுதியில்லாத நிதானத்தில் இருப்பவர் கையில் நாம் ஊசியைக் கொடுக்கிறோம், குழந்தையைக் கொடுக்கிறோம், எரியும் அடுப்பைக் கொடுக்கிறோம். இது அந்தப் பெண்ணைக் குறை சொல்வதற்காக அல்ல. அவர் குடிக்கவில்லை. அவரைத் தூங்க விடவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. வந்து ஆறாவது மாதம், ஒருநாள் விடிகாலை அவர் என் அறைக் கதவைத் தட்டினார். கையில் இன்சுலின் பாட்டில். முகம் வெளுத்திருந்தது.

"ஐயா, அம்மாவுக்கு ஊசி போட்டேனா இல்லையான்னு எனக்கு நெனவு இல்லீங்க."

இரண்டாவது முறை போட்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து. அவர் நினைவில்லை என்று சொல்ல வந்தாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். சொல்லாமல் ஊகத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்து மறைத்திருக்கலாம். நல்லவேளையாக என்னிடம் ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர் உண்டு. வீட்டில் மருந்துகளுக்கெல்லாம் வரவு, செலவு, இருப்பு எழுதும் வழக்கத்தை ஓய்வு பெற்ற பிறகும் நான் விடவில்லை. என் மகன் இதைக் கேலி செய்வான். பத்து சிரிஞ்சு உள்ள பாக்கெட்டில் அன்று காலை போட்டிருந்தால் நாலு இருக்க வேண்டும். ஐந்து இருந்தது. குப்பைக் கூடையிலும் புதிதாக எதுவும் இல்லை. ஊசி போடவில்லை என்று தெரிந்தது. சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிட்டு நானே பக்கத்தில் நின்று போடச் சொன்னேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் மகனிடம் போனில் சொன்னேன். "ஆளை மாத்திடுங்கப்பா, ஏஜென்சிக்கு நான் பேசுறேன்" என்றான். அவன் பயம் நியாயமானது. அவனுடைய அம்மா. ஆனால் மாற்றி வருகிறவரும் அதே பேருந்தில்தான் வருவார். அவர் வீட்டிலும் ஒரு மாமியாரோ, டயாலிசிஸ் செய்யும் கணவரோ, அக்கா பிள்ளையோ இருக்கலாம். ஆளை மாற்றினால் ஆள் மாறும், மணிக்கணக்கு மாறாது. என் மனைவிக்கு அப்போது பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால் வேண்டாம் என்று சைகை காட்டினாள். பிறகு மெதுவாக, "அவ… தூங்கட்டும்" என்றாள்.

நான் யோசித்தது இதுதான். இந்தப் பெண்ணின் தூக்கம் எங்கே காணாமல் போகிறது? அலுவலகத்தில் சில கோப்புகள் தொலையும் விதம் உண்டு. இந்தப் பிரிவில் கேட்டால் "அந்தப் பிரிவுக்கு அனுப்பியாச்சு" என்று பதிவு இருக்கும். அங்கே கேட்டால் "திருப்பி அனுப்பியாச்சு" என்று பதிவு இருக்கும். இரண்டு பதிவேடும் சரியாக இருக்கும், கோப்பு மட்டும் எங்கும் இருக்காது. இரவுப் பணிக்கு ஆள் வைத்திருக்கும் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "பகலெல்லாம் வீட்டில்தானே இருக்கிறாள், அங்கே தூங்கட்டும். இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குவதா?" அவர் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "ராத்திரி நோயாளி பக்கத்தில் சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறாய், அங்கே தூங்கியிருப்பாயே." இரண்டு வீடும் அவருடைய தூக்கத்தை மறு வீட்டின் பெயரில் எழுதிவிடுகின்றன.

அவர் கணவர் நல்ல மனிதர்தான் என்று அவரே சொல்வார். குடி இல்லை. இரவு பத்து மணிக்குப் படுத்தால் ஆறு மணிக்கு எழுந்திருப்பார். இரவில் தாயார் எழுந்தால் பக்கத்து வீட்டு ஓர்ப்படி வந்து பார்க்க வேண்டும். "அவரு வேலைக்குப் போறவரு இல்லீங்களா, தூக்கம் கெட்டா முடியாது" என்றார். என் மனைவி அதைக் கேட்டு என்னைப் பார்த்தாள். "நீயும் வேலைக்குத்தானேம்மா போற?" என்றேன். அவர் சிரித்துவிட்டு டயபர் பாக்கெட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

என் அண்ணன் மகள் பாரீசுக்கு வெளியே ஒரு புறநகரில் இதே வேலை செய்கிறாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அங்கே முதியோரைப் பார்க்கும் வேலையில் இருக்கிறார்கள். அவளும் பகலில் என் அண்ணியைப் பார்த்துக்கொண்டு, வாரத்தில் சில இரவுகள் ஒரு பிரெஞ்சுப் பாட்டி வீட்டுக்குப் போகிறாள். அவளிடம் கேட்டேன். அங்கே வீட்டுப் பணியாளர்களுக்கான கூட்டு ஒப்பந்தத்தில் "பிரெஸான்ஸ் த நுய்" என்று ஒரு வகை உண்டு. இரவு இருப்பு என்று சொல்லலாம். அந்த இரவில் பணியாளர் தூங்கலாம். தூங்குவதற்குத் தகுந்த படுக்கை கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர் கடமை. தேவைப்பட்டால் எழுந்து பார்ப்பார். அதற்கு மணிக்கூலியில் ஒரு பங்கு உண்டு. ஒவ்வோர் இரவும் பலமுறை எழ வேண்டியிருந்தால் அது வேறு வகையாகிவிடும், கூலி ஏறும். தூங்குவதும் எழுவதும் அங்கே கணக்கில் இருக்கின்றன.

குடும்பத்தாரைப் பார்ப்பவருக்கு அங்கே சட்டத்தில் ஒரு பெயரும் உண்டு: "பிரோஷ் எதான்". அவர்கள் 2017 முதல் வேலையிலிருந்து விடுப்பு எடுக்கலாம், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து ஓர் ஆண்டு வரை. 2020 அக்டோபரிலிருந்து அதற்கு ஓரளவு தினப்படியும் கிடைக்கிறது. இவ்வளவும் இருந்தும் அண்ணன் மகள் சொன்னாள்: "சித்தப்பா, சட்டம் மணியை எண்ணும். அம்மா ராத்திரி கூப்பிடுறதை யார் எண்ணுறது?" அங்கேயும் பிரச்சினை தீரவில்லை. ஆனால் அதற்கு ஒரு பெயராவது இருக்கிறது. பெயர் இருந்தால் மனு எழுதலாம்.

நம் நாட்டில் 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வேலை வாங்கக் கூடாது என்றது. எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு வாரம் 77 மணி நேரம். ஆனால் வீடு தொழிற்சாலை அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளருக்கென்று 189ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது அது. கூப்பிட்டால் வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆகவே இது இன்றைக்கு வீட்டுக்காரர் மனச்சாட்சியைப் பொறுத்த விஷயமாகவே இருக்கிறது. மனச்சாட்சியை மட்டும் நம்பி ஒரு நிர்வாகம் நடக்காது என்பது என் சர்வீஸ் அனுபவம். ஆனாலும் சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதே.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். டாக்டரைக் கேட்டுக் காற்று அடைக்கும் மெத்தை வாங்கினோம். அது தானாக அழுத்தத்தை மாற்றிக்கொண்டிருப்பதால், இரவில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும், தோலை மட்டும் தினமும் பாருங்கள் என்றார். எனக்கு எப்படியும் ஒரு மணிக்கு முன்னால் தூக்கம் வராது. வயதானவனுக்கு அது ஒரு வசதி. ஆகவே ஒன்பது முதல் ஒரு மணி வரை என் முறை. அந்த நேரம் அவர் பக்கத்து அறையில், கட்டிலில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். ஒன்று முதல் ஏழு வரை அவர் முறை. வாரத்தில் ஞாயிறு இரவு சம்பளத்தோடு விடுப்பு. அன்றைக்கு என் தங்கை வந்து படுத்துக்கொள்வாள். இன்சுலினுக்குக் கட்டிலருகே ஒரு நோட்டு. போட்டவுடன் நேரம் எழுதி, அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. இந்த ஏற்பாட்டில் என் பென்ஷனில் மாதம் ஒரு தொகை கூடுதலாகப் போனது உண்மை. தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது.

முதல் வாரம் அவரால் கட்டிலில் தூங்க முடியவில்லை. அரைமணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். "படும்மா" என்பேன். "பழக்கமில்லீங்க ஐயா" என்பார். இரண்டாவது வாரத்தில் ஒரு மணிக்கு நான் போய் எழுப்ப வேண்டியிருந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவர் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கால் மணி நேரம் விழிப்பார். அதனால் எழுந்தவுடன் எந்த வேலையும் வேண்டாம், முகம் கழுவி டீ குடித்த பிறகுதான் என்று ஒரு விதி வைத்தோம். டீயை நான் போடுவேன். மூன்று வாரத்தில் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது நின்றது என்றார். அதற்கு முன் வாரத்தில் இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி நடந்திருக்கிறார். எங்களிடம் சொன்னதே இல்லை.

நாலு மணி நேரத் தூக்கம் ஏதோ பெரிய தர்மம் போலச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. எங்கள் ஏற்பாட்டோடு பகல் தூக்கத்தையும் சேர்த்தால் அவருக்கு ஏழரை வந்தது, ஆனால் துண்டு துண்டாக. அவர் வீட்டுப் பக்கத்தில் எங்களால் எதையும் மாற்ற முடியவில்லை.

தூக்கம் கெடுவதன் விலை உடனே தெரியாது, அதுதான் இதில் கொடுமை. 1995இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், மறதி நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பதின்மூன்று பேரையும், அந்தப் பாரம் இல்லாத பெண்கள் பதின்மூன்று பேரையும் ஒப்பிட்டார்கள். எல்லோர் கையிலும் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் உண்டாக்கி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார்கள். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. தூக்கம் மட்டும் காரணம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கவலை, களைப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் பராமரிப்பின் பாரம் தோல் வரைக்கும் போகிறது என்பது தெரிகிறது. நீண்டகால இரவுப் பணியைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2007இலும் மறுபடி 2019இலும், புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது. இரவுப் பணிக்குக் கூடுதல் சம்பளம் கேட்கும் பெண்ணிடம் பேரம் பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

பதினோராவது மாதம் அவர் வேலையை விட்டுவிட்டார். மாமியார் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். இரவிலும் ஆள் வேண்டும். ஓர்ப்படி கையை விரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது, வேலை மட்டும் இரு மடங்கானது. கடைசி நாள் என் மனைவிக்குத் தலை பின்னிவிட்டு, நோட்டில் கடைசியாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தக் காற்று மெத்தையைப் போன்றதே ஒன்றை வாங்கிக் கொடுத்தனுப்பினோம். "இதுல எங்க அத்தைய போட்டா நானும் நாலு மணி நேரம் தூங்கலாம், இல்லீங்களா ஐயா?" என்று கேட்டார். புரட்டுவதற்கு மகனும் இருக்கிறாரே, ஒருவர் மாற்றி ஒருவர் செய்யலாம் என்றேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றார். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தபோது, இரவு பத்து மணிப் புரட்டலைக் கணவர் செய்கிறார் என்றார். ஒன்றே ஒன்று. ஆனாலும் அவர் குரலில் அது ஒரு செய்தியாக இருந்தது.

வீட்டில் இரவுப் பணிக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் வைக்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது சில விஷயங்கள்தான். முதல் நாளே கேளுங்கள்: உங்கள் வீட்டில் நீங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்று. இரவில் ஒரே தொகுப்பாக நாலு மணி நேரமாவது கொடுங்கள். முடியாவிட்டால் மூன்று. படுக்க ஓர் இடம், சாத்த ஒரு கதவு, எரியாத விளக்கு. வாரம் ஒரு நாள் விடுப்பு. ஊசி மருந்தை எழுதி வைத்து இருவர் சரிபாருங்கள். காலை ஏழு என்றால் ஏழு, "இன்னும் அரைமணி இரேன்" வேண்டாம். அந்த அரைமணி அவருடைய பகல் தூக்கத்திலிருந்துதான் போகிறது. சொந்த வீட்டிலேயே இப்படி ஒரு மனைவியோ மருமகளோ இருந்தால், அவள் வேலை முடித்து வந்து படுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு வீட்டு ஆண்களில் ஒருவர் நோயாளிக்குப் பொறுப்பேற்கட்டும். பெரிய திறமை எதுவும் தேவையில்லை, நான் எழுபத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வேறொருவர் வருகிறார். முதல் நாள் அவரிடம் "நீங்க எப்பம்மா தூங்குறீங்க?" என்று கேட்டபோது, ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, "நான் டூட்டியில தூங்க மாட்டேன் சார்" என்றார். இல்லையம்மா, தூங்கச் சொல்லத்தான் கேட்கிறேன் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மூன்று நாளும் அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார். அதற்கேற்ப நோட்டில் நேரத்தை மாற்றி எழுதியிருக்கிறேன்.